கட்-ஆஃப் இருக்கு... 'தூரமா அனுப்ப முடியாது': கிராமத்துப் பெண்கள் இன்ஜினீயர், விஞ்ஞானி ஆவதில் என்ன சிக்கல், என்ன வழி?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் விருதுநகர் மாவட்டத்தின் பெயர் அடிபடாமல் இருக்காது. 2023-ல் 97.85 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது இந்த மாவட்டம். அதே ஆண்டு தமிழ்நாடு முழுக்க மாணவிகளின் தேர்ச்சி 96.38 சதவீதம், மாணவர்களின் தேர்ச்சி 91.45 சதவீதம். பள்ளிப் படிப்பில் பெண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த மாவட்டத்தில், விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது பாலவனத்தம். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் அமைத்த பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார். தமிழ் படித்தவர்களுக்கு ஊரின் பெயர் அப்படித்தான் தெரியும். இன்றைக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் போனால் கண்ணில் படுவது கரிசல் காடும், வானம் பார்த்த பருத்தி, கம்பு, மிளகாயும், இடையிடையே சீமைக்கருவேலமும்தான். மழை தப்பினால் அந்த வருஷக் கணக்கே தப்பிவிடும்.

இப்படிப்பட்ட ஊர்களில் ரிசல்ட் வந்த அன்று கேக் வெட்டுகிறார்கள், வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். அதற்கு அடுத்த ஆறேழு வாரங்களில்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை எந்தப் பக்கம் போகும் என்பது முடிவாகிறது. இன்ஜினீயரிங் கவுன்சலிங்கா, பக்கத்து டவுனில் கிடைக்கிற ஏதோ ஒரு டிகிரியா, நூற்பாலை வேனா, மாப்பிள்ளை வீடா? இந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, அதை மாற்ற என்னென்ன உதவிகள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

பெண்கள் படிக்கத்தானே செய்கிறார்கள், அப்புறம் என்ன பிரச்சினை?

நியாயமான கேள்வி. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் இருக்கும் பெண்களில் உயர்கல்விக்குச் செல்வோர் விகிதம் 47-ஐத் தாண்டுகிறது. இந்தியச் சராசரி 28.5தான். நாடு முழுக்க அறிவியல் பிரிவுகளில் படிப்பவர்கள் 57.2 லட்சம் பேர், அதில் 29.8 லட்சம் பேர் பெண்கள். அதாவது பாதிக்கும் மேல்.

ஆனால், மேலே போகப் போக இந்தக் கணக்கு தலைகீழாகிறது. பி.இ., பி.டெக். வகுப்புகளில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆராய்ச்சிக் கூடங்களில் வேலை செய்யும் விஞ்ஞானிகளை எண்ணினால் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. பி.எஸ்சி. வகுப்பில் பாதிக்கு மேல் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

ஒரே இடத்தில் யாரும் கொட்டிவிடவில்லை. ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி, வழி நெடுக சிந்துகிறது. பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போது கொஞ்சம், கவுன்சலிங்கில் கொஞ்சம், முதல் செமஸ்டர் அரியரில் கொஞ்சம், கல்யாணத்தில் நிறைய, குழந்தை பிறந்த பிறகு இன்னும் நிறைய.

'இரட்டைக் கட்டு' என்றால் என்ன?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 1975-ல் அமெரிக்காவில் கறுப்பினம், பூர்வகுடி, லத்தீன் அமெரிக்க வம்சாவளி உள்ளிட்ட சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த 30 பெண் விஞ்ஞானிகள் கூடிப் பேசினார்கள். அந்தப் பேச்சின் அடிப்படையில் அடுத்த ஆண்டு வந்த அறிக்கைக்குப் பெயரே 'இரட்டைக் கட்டு'. பெண் என்பதால் ஒரு கட்டு, நிறத்தால் இன்னொரு கட்டு. பெண்களுக்கான உதவிகள் வெள்ளைக்காரப் பெண்களை மனதில் வைத்துப் போடப்படும். சிறுபான்மையினருக்கான உதவிகள் ஆண்களை மனதில் வைத்துப் போடப்படும். நடுவில் நிற்பவள் இரண்டிலும் விடுபடுவாள் என்பதுதான் அதன் சாரம்.

நம் ஊரில் நிறத்தின் இடத்தில் சாதியை வையுங்கள். கூடவே ஊர், பயிற்றுமொழி, வீட்டில் முதல் பட்டதாரி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் அப்பாவும் அம்மாவும் இன்ஜினீயராக இருக்கும் வீட்டுப் பெண்ணும், பாலவனத்தத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் மகளும் 'பெண்கள்' என்ற ஒரே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தேவைப்படும் உதவி ஒன்றல்ல.

முன்னால் போனவர்கள் எப்படிப் போனார்கள்?

இந்தியாவின் முதல் பெண் இன்ஜினீயர் என்று சொல்லப்படுபவர் சென்னையில் பிறந்த அ.லலிதா. 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அதோடு ஒரு பெண்ணின் கதை முடிந்தது என்றுதான் அர்த்தம். ஆனால், அவருடைய அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வரிடம் பேசினார், அனுமதி வாங்கினார். 1940-ல் லலிதா அங்கே மின் பொறியியல் சேர்ந்தார். அடுத்து பி.கே.திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லலிதாவின் திறமை ஒரு பக்கம். கல்லூரிக் கதவை உள்ளிருந்து திறந்துவிட அவருக்கு ஓர் ஆள் இருந்தார் என்பது இன்னொரு பக்கம். கரிசல் காட்டுப் பெண்ணுக்கு அப்படி ஓர் அப்பா கிடைக்க வாய்ப்பில்லை. அந்த இடத்தில் அரசுப் பள்ளி, உதவித்தொகை, ஒரு டீச்சர், ஒரு அண்ணன், ஒரு அக்கா என்று யாராவது நின்றாக வேண்டும்.

அப்படி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தூரத்தில் இல்லை. 2023 செப்டம்பர் 2-ல் சூரியனை ஆய்வு செய்யக் கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் ஒரு விவசாயியின் மகள். செங்கோட்டை அரசு மகளிர் பள்ளி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, 1987-ல் இஸ்ரோ. 2012-ல் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் என்.வளர்மதி அரியலூர்க்காரர். 2015-ல் தமிழ்நாடு அரசின் அப்துல் கலாம் விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவர்தான்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமா? நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கிய ஆசாதிசாட் செயற்கைக்கோளில் மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு மகளிர் பள்ளி மாணவிகளின் பங்கும் உண்டு. 2022 ஆகஸ்ட்டில் அதைச் சுமந்து போன ராக்கெட் சரியான சுற்றுப்பாதையில் விடவில்லை. ஆசாதிசாட்-2, 2023 பிப்ரவரியில் வெற்றிகரமாக மேலே போனது.

சரி, காசுக்கு என்ன வழி?

இங்கேதான் பலருக்குத் தகவலே போய்ச் சேருவதில்லை. முக்கியமானவற்றை மட்டும் பார்ப்போம்.

* 7.5 சதவீத ஒதுக்கீடு: 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதற்குத் தனி ரேங்க் பட்டியல். இந்த ஒதுக்கீட்டில் இடம் எடுத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது.

* புதுமைப்பெண்: 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்கு மாதம் ₹1,000 வங்கிக் கணக்கில் வரும். டிகிரிக்கு மட்டுமல்ல, டிப்ளமோ, ஐடிஐ படிப்புக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது.

* முதல் பட்டதாரி சலுகை: குடும்பத்தில் இதுவரை யாரும் டிகிரி வாங்கவில்லை என்றால், தொழிற்படிப்புக்கான கல்விக் கட்டணத்தில் சலுகை. இதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வைக்க வேண்டும்.

* போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை: பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் ₹2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

* பிரகதி: ஏஐசிடிஇ தரும் உதவித்தொகை, பெண்களுக்கு மட்டும். ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் டிகிரி அல்லது டிப்ளமோ சேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு ₹50,000. குடும்ப வருமானம் ₹8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள், கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

* இன்ஸ்பயர்: இயற்பியல், வேதியியல், கணிதம் போன்ற அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு. பிளஸ் டூவில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு ₹80,000 வரை.

* ஐஐடி, என்ஐடி: 2018 முதல் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. ஐஐடிகளில் 2020-ல் இது 20 சதவீதத்தை எட்டியது. ஆண்களுக்கான இடங்களைக் குறைத்துக் கொடுத்தது அல்ல, கூடுதலாகச் சேர்த்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

திருச்சுழி பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். கணிதத்தில் 84, இயற்பியலில் 78, வேதியியலில் 80. இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும். கணிதம் அப்படியே, மற்ற இரண்டும் பாதி. ஆக 84 + 39 + 40 = 163. பொதுப் பட்டியலில் இது பெரிய கட்-ஆஃப் இல்லை. 7.5 சதவீதப் பட்டியலில் அவள் போட்டி போடுவது தன்னைப் போலவே அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு மட்டும் என்பதால், நல்ல கல்லூரிக்கான வாய்ப்பு கூடும்.

கட்டணமும் விடுதியும் அரசுப் பொறுப்பு. புதுமைப்பெண் மூலம் நான்கு வருஷத்தில் ₹48,000 கைக்கு வரும். ஆக, 'இன்ஜினீயரிங் படிக்க வைக்க லட்சக்கணக்குல ஆகும்' என்ற பேச்சு இந்தப் பெண்ணைப் பொறுத்தவரை உண்மை இல்லை. ஆனால், யாராவது கவுன்சலிங்குக்கு முன்னாடியே அவள் வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இதில் இன்னொரு சுவாரஸ்யமும் இருக்கிறது. புதுமைப்பெண் திட்டம் புதிதாக முளைத்தது அல்ல. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம்தான் இப்படி மாற்றப்பட்டது. பழைய திட்டத்தில் பட்டதாரிப் பெண்ணின் கல்யாணத்துக்கு ₹50,000-மும் 8 கிராம் தங்கமும் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட அதே தொகை இப்போது படிக்கும்போதே, அவள் பெயரிலுள்ள கணக்குக்கு, மாதாமாதம் வருகிறது. தாலிக்குத் தங்கம் போய்விட்டதே என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு. ஆனால், பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பது 18 வயதுப் பெண்ணுக்குச் சின்ன விஷயம் இல்லை.

காசு மட்டும் போதுமா?

போதாது. 'தூரமா அனுப்ப முடியாது' என்ற ஒற்றை வாக்கியத்தில் நின்றுபோன கனவுகள் இந்தப் பக்கத்தில் நிறைய. அந்த வாக்கியத்தை 'பழைய பஞ்சாங்கம்' என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால், அதற்குள் உண்மையான ஒரு பயம் இருக்கிறது.

2018-ல் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரிப் பேராசிரியையே மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்துப் பேசிய ஆடியோ வெளியாகி மாநிலத்தை உலுக்கியது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. இந்தச் செய்தியைப் படித்த எந்த அப்பா, அம்மாவுக்கும் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த மாணவிகள் இணங்கவில்லை, புகார் கொடுத்தார்கள். அவர்கள் வாய் திறந்ததால்தான் வழக்கே வந்தது.

பயத்துக்கு மருந்து பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்வது அல்ல. கல்லூரியைக் கேள்வி கேட்பது. 2013-ல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படியும் யுஜிசி விதிகளின்படியும் ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அட்மிஷன் போகும்போது ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று கேட்கிற நாம், 'புகார்க் குழுவில் யார் யார் இருக்காங்க, போன் நம்பர் என்ன?' என்றும் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தடுமாறும் கல்லூரியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கல்யாணம். மேற்கு, தென் மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை அழைத்துப்போன வரலாறு நமக்குத் தெரியும். இன்றும் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு மில் வேலைதான் 'உடனே கிடைக்கிற' வருமானம். அந்த வீட்டைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. டிப்ளமோ அல்லது டிகிரிக்குப் பிறகு வரும் சம்பளம் என்ன என்பதை நம்பும்படி காட்ட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். 18 வயதுக்குள் கல்யாணப் பேச்சு என்றால் அது சட்ட விரோதம். 1098-க்குப் போன் செய்யலாம்.

கல்லூரிக்குள் போன பிறகு?

தமிழ் வழியில் படித்தவள் முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தால், பாதி புரியாது. பாடம் கஷ்டம் என்பதால் அல்ல, மொழி புதிது என்பதால். முதல் செமஸ்டரில் கணிதத்தில் ஓர் அரியர் விழுந்தால், 'நமக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று தோன்றும். பக்கத்து பெஞ்சில் இருப்பவளுக்கும் அரியர் விழுந்திருக்கும். ஆனால், அவள் வீட்டில் 'பரவாயில்ல, எனக்கும் விழுந்துச்சு' என்று சொல்ல ஒரு சித்தப்பாவோ அக்காவோ இருப்பார்கள். முதல் பட்டதாரிக்கு இல்லாதது அந்த ஒரு வாக்கியம்தான்.

இதைப் பள்ளியிலேயே தொடங்கலாம். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் திட்டத்தில், அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8-ம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்துகாட்டும் பயிற்றுநர்கள் பள்ளிக்கே வருகிறார்கள். சோதனையைத் தன் கையால் செய்து பார்த்தவளுக்குப் பிளஸ் ஒன்னில் கணிதக் குரூப் எடுக்கத் தயக்கம் இருக்காது.

வேலையில் என்ன தடை?

'பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்று டெல்கோ கொடுத்த வேலை விளம்பரத்தைப் பார்த்து, 1974-ல் சுதா மூர்த்தி ஜே.ஆர்.டி. டாடாவுக்கே கார்டு எழுதிப் போட்ட கதை பலருக்கும் தெரியும். இன்று யாரும் அப்படி அச்சடிக்க மாட்டார்கள். ஆனால், மெக்கானிக்கல், சிவில் போன்ற கோர் வேலைகளில் 'நைட் ஷிஃப்ட் இருக்கு, சைட்டுக்குப் போகணும்' என்று நேர்காணலிலேயே பேச்சை முடித்துவிடுவது நடக்கத்தான் செய்கிறது. பெண்கள் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யக்கூடாது என்ற சட்டப்பிரிவை 2000-லேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வறை போன்ற ஏற்பாடுகளை நிறுவனம்தான் செய்ய வேண்டும். 'பெண்ணை எடுக்கலாமா' என்பதல்ல கேள்வி. 'வண்டி ஏற்பாடு செய்தீர்களா' என்பதுதான்.

வெளியூரில் வேலை கிடைத்தால் தங்குவதற்கு அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், திருச்சி போன்ற நகரங்களில் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு, பிஎச்.டி. காலத்தில் 240 நாள்கள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பும், படிப்பை முடிக்க இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் யுஜிசி விதியிலேயே இருக்கின்றன. குழந்தைக்காக ஆராய்ச்சியை விட்டவர்கள் திரும்பி வர, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டத்தில் உதவித்தொகை உண்டு.

இதைப் படிக்கும் நீங்கள் என்ன செய்யலாம்?

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறவரா? பெரிய அறக்கட்டளை எல்லாம் தொடங்க வேண்டாம்.

* ரிசல்ட் வருவதற்கு முன்பே ஊரில் பிளஸ் டூ படிக்கும் பெண்கள் யார் யார் என்று கேட்டு வையுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று ஆகிய நான்கும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி நாளில் சர்வர் படுத்துவிடும்.

* கவுன்சலிங் சாய்ஸ் ஃபில்லிங்கின்போது ஒரு மணி நேரம் வீடியோ காலில் கூட உட்காருங்கள். தப்பான வரிசையில் கல்லூரியைப் போட்டால், நல்ல கட்-ஆஃபும் வீணாகும்.

* அவளிடம் மட்டும் பேசாதீர்கள். அவள் அப்பாவிடம் பேசுங்கள், முடிந்தால் ஆச்சியிடமும். வீட்டில் கடைசி வார்த்தை யாருடையதோ, அவர்களிடம்.

* முதல் செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு போன். 'எப்படிப் போகுது?' என்பது போதும்.

* உங்கள் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் எடுக்கும்போது, பெரிய கல்லூரிப் பெயர்களைத் தாண்டி ஒரு ரெஸ்யூமேயாவது திறந்து பாருங்கள்.

எந்தப் படிப்பு, எந்த உதவித்தொகை என்று குழப்பம் இருந்தால், தமிழ்நாடு அரசின் கல்வி வழிகாட்டி எண் 14417. உங்கள் ஊரில் இந்த வருஷம் பிளஸ் டூ எழுதும் ஒரு பெண் இருந்தால், இந்த எண்ணை இன்றைக்கே அவள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கவுன்சலிங் தொடங்கிய பிறகு அனுப்பினால் பாதி வழி அடைந்திருக்கும்.